மேல்வீட்டு அன்ரி பாடாதிருந்த முப்பத்தொரு நாட்கள்

போன மாதம் அவர் இறந்த செய்தியை எனக்கு முதலில் அனுப்பியது சிறுவயதில் என்னோடு ஒன்றாக வளர்ந்த உங்களில் ஒருவர்தான். அன்று மத்தியானத்துக்குள் பதினொரு பேர் அனுப்பிவிட்டீர்கள். "உங்கட மேல்வீட்டிலை இருந்தவ எல்லோ?" என்று ஒருவர். "படியிலை குந்தியிருந்து கேப்பமே, அவ!" என்று இன்னொருவர். கந்தோரில் மேசைக்குக் கீழே தொலைபேசியை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்த எனக்குக் கண் நிறைந்துவிட்டது. சொந்தக்காரர் யாராவதா என்று பக்கத்து மேசைக்காரி கேட்டாள். ஓம் என்பதா இல்லை என்பதா எனத் தெரியாமல் மூக்கைச் சிந்தினேன்.

அன்று பின்னேரம் வானொலியில் ஒருவர் அவரைப் பற்றி ஒரு மணித்தியாலம் கதைத்தார். சோல் என்கிறார்களே, தேவாலயத்து உருக்கத்தையும் காதலின் ஏக்கத்தையும் ஒரே மூச்சில் பாடுகிற கறுப்பு அமெரிக்கர்களின் பாட்டு, அதில் அவருக்கு இரண்டு வாழ்க்கை என்றார் அந்த ஆள். இளமையில் கூரையைக் கிளப்புகிற குரல். பிறகு, எல்லாரும் அவரை மறந்துபோன காலத்தில், பாரிசில் ஒரு ஞாயிற்றுக்கிழமைக் கச்சேரியில் அந்தக் குரலைத் திடீரென்று தாழ்த்தினார். இன்று உலகம் நேசிப்பது அந்தத் தாழ்ந்த குரலைத்தான். ஏன் தாழ்ந்தது என்பதற்கு அந்த வானொலிக்காரர் மூன்று காரணம் சொன்னார்: சிகரெட், வயது, விட்டுவிட்டுப் போன ஒரு காதலன்.

"தம்பி, வாயை மூடும்!" என்று வானொலியைப் பார்த்துக் கத்திவிட்டேன். காரணம் எனக்குத் தெரியும் என்று முப்பத்தைந்து வருடமாக நம்பியிருந்தவள் நான். சிகரெட்டும் இல்லை, காதலனும் இல்லை. பாரிசில், எங்கள் சனம் கூடுகிற லா சப்பலில், ஒரு பத்து வயதுப் பெட்டை சொன்ன பொய். அந்தப் பெட்டை நான்தான். இதை உங்கள் ஒருவருக்கும் நான் சொன்னதில்லை. இப்போது எங்களுக்கு முழங்கால் நோகிற வயது. இனியும் மறைத்து என்ன செய்ய?

நாங்கள் இருந்த கட்டடத்தை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். ரூ து ஃபொபூர் சேன்-தெனி என்ற தெருவின் மேல் முனையில், கீழே மரக்கறிக் கடை, பக்கத்தில் புடவைக் கடை. இப்போது வாசலில் எண் பூட்டுப் போட்டிருக்கிறார்கள். அப்போது தோளால் தள்ளினால் திறக்கும். படியேறும்போது முதலில் ஈரச் சுவரின் மணம், மூன்றாம் மாடியில் எங்கள் வீட்டுத் தாளிதம், நாலாம் மாடியில் அன்ரி தலைக்குப் பூசுகிற எண்ணெயின் மணம். கழிப்பறை வீட்டுக்குள் இல்லை. மூன்றாம் மாடிக்கும் நாலாம் மாடிக்கும் நடுவே, படி திரும்புகிற இடத்தில், இரண்டு வீட்டுக்கும் பொதுவாக ஒன்று. மாரி காலத்தில் அங்கே போவதென்றால் கோட்டைப் போட்டுக்கொண்டுதான் போக வேண்டும்.

எங்களுக்கு இரண்டு அறை. முன்னறையில் அம்மா, அப்பா, நான். ஒரு பழைய சேலையைக் குறுக்கே கட்டிய பின்னறையில் சித்தப்பா. அப்பா ஒரு உணவகத்தில் கோப்பை கழுவினார். சித்தப்பாவுக்கு இரவில் கந்தோர்களைத் துப்புரவாக்கும் வேலை. காலை எட்டு மணிக்கு வந்து பாண் தின்று படுத்தால் பின்னேரம் நாலு மணிக்குத்தான் எழும்புவார். அவ்வளவு நேரமும் வீட்டில் ஒருவரும் செருமக் கூடாது. காலையில் பிரஷர் குக்கருக்குத் தடை. அம்மா பலகையைத் தூக்கிக்கொண்டு படிக்கட்டுக்குப் போய்த் தேங்காய் திருவுவார். சித்தப்பாவின் நித்திரை எங்கள் வீட்டுக் குலதெய்வமாக இருந்தது.

அந்தக் குலதெய்வத்தின் தலைக்கு மேலேதான் காலை பத்து மணிக்கு அன்ரி தொடங்குவார்.

முதலில் நீளமாக ஒரு இழுவை, அடிவயிற்றிலிருந்து. பிறகு படிப்படியாக ஏறும். எங்கள் சாமித் தட்டில் இருந்த வெள்ளிச் செம்பு கிணுகிணுக்கும். பாட்டு உச்சத்துக்குப் போகும்போது சேலைக்குப் பின்னாலிருந்து சித்தப்பா புறப்படுவார், சாரமும் சிவந்த கண்ணுமாக.

"உந்த மனுசிக்கு என்ன வருத்தம்? ஆரும் அவவைக் கொல்லுறாங்களோ?"

தும்புத்தடியால் கூரையில் இடிப்பார். அன்ரி அதைத் தாளம் என்று எடுத்துக்கொண்டு அதற்கேற்பப் பாடுவார். சத்தியமாகத்தான் சொல்கிறேன். சித்தப்பா இன்னும் வேகமாக இடித்தால் பாட்டும் வேகமாகும். அம்மா வாயைச் சேலைத் தலைப்பால் பொத்திக்கொண்டு சிரிப்பார்.

புதன்கிழமைகளில் பள்ளிக்கூடம் இல்லை என்பதால் நான் மேலே போவேன். ஐம்பது தாண்டிய, நல்ல உயரமான மனுசி. மூன்று பொய்முடிகளை மூன்று வெறும் போத்தல்களில் கவிழ்த்து வைத்திருப்பார். அவருடைய பிரெஞ்சு அமெரிக்க நாக்கில் புரளும். நான் பெரிய ரீச்சர் மாதிரித் திருத்துவேன். ஒரு காலத்தில் சுவர் நிறைய அவருடைய படம் ஒட்டியிருந்தார்களாம். பிறகு ஒருவரும் கூப்பிடவில்லை. பன்னிரண்டு வருடமாக, சனம் சாப்பிட்டுக்கொண்டிருக்கும் இடங்களில் ஓரமாக நின்று பாடினார். நான் அதை நம்பவில்லை. பேர்பெற்ற ஆட்களுக்குக் கழிப்பறை வீட்டுக்குள்ளே இருக்கும் என்பது என் எண்ணம்.

அம்மாவுக்கும் அவருக்கும் பொதுவாக ஒரு மொழியும் கிடையாது. ஆனால் தட்டு போய்வரும். அம்மா வடை கொடுத்துவிட்டால் தட்டு திரும்பி வரும்போது அதில் இரண்டு தோடம்பழம் இருக்கும். ஒருவரும் சொல்லிக்கொடுக்காமலே அன்ரி அப்படிச் செய்தது அம்மாவுக்குப் பெரிய ஆச்சரியம்.

"வெறுந்தட்டுத் தராத மனுசி. நல்ல இடத்திலை வளந்திருக்கிறா," என்று சொல்லிச் சொல்லி மகிழ்வார்.

அந்த மாசி மாதம் ஒரு காலை, கீழ்க் கடைக்கார அண்ணை எங்கள் வீட்டுக் கதவைத் தட்டினார். ஊரிலிருந்து வரும் தொலைபேசியெல்லாம் அவர் கடைக்குத்தான் வரும். ஆளைவிட்டுக் கூப்பிடுவாரே தவிர, கல்லாவை விட்டு இறங்கிவருகிற மனுசன் இல்லை. அன்று அவரே படியேறி வந்து நின்றார். அம்மா அவரைக் கண்டதுமே அகப்பையைக் கீழே வைத்துவிட்டு நிலத்தில் இருந்துவிட்டார்.

அம்மாவின் ஒரே தம்பி. எனக்கு மாமா. இருபத்திரண்டு வயது. ஊர்ச் சண்டையில் செல் குண்டு விழுந்து போய்விட்டார். எரித்து மூன்று நாளாகிவிட்டது. செய்திதான் பிந்தி வந்தது.

ஊரென்றால் நாலு வீட்டுப் பெண்கள் ஓடிவந்து கட்டிப்பிடித்துக் குழறியிருப்பார்கள். இங்கே சேலைக்குப் பின்னால் சித்தப்பா நித்திரை. எங்கள் விசாக் கடதாசிகளும் அப்போது சரிவரவில்லை. அம்மா வாயைத் திறக்கப் போனபோது அப்பா பதறிப்போய், "சத்தம் போடாதையும். ஆரும் பொலிசுக்கு அடிச்சா என்ன செய்யிறது?" என்றார். அவர் கல்நெஞ்சக்காரர் இல்லை, பயந்தவர். அம்மா துவாயை எடுத்து வாய்க்குள் அடைத்துக்கொண்டார். அவருடைய தோள் மட்டும் குலுங்கியது. அதற்குப் பிறகு அழவே இல்லை. அரிசி கழுவினார், என் தலைமயிரைப் பின்னினார், ஒரு சொல்லும் பேசவில்லை. சோற்றைப் பிசைந்துவிட்டு அப்படியே எழும்புவார். எனக்குப் பயமாக இருந்தது.

துடக்கைப் பற்றிச் சித்தப்பாதான் கதைத்தார். துடக்கு என்றால் உங்களுக்குத் தெரியும். உங்கள் பிள்ளைகளுக்குச் சாவு வீட்டுத் தீட்டு என்று சொல்லுங்கள். முப்பத்தொரு நாளும் கோயில் இல்லை, மச்சம் மாமிசம் இல்லை, கொண்டாட்டம் இல்லை, பாட்டுக்கூத்து இல்லை. கலியாணம் முடித்துப் போன பெண்ணுக்குப் பிறந்த வீட்டுத் துடக்கு எத்தனை நாள் என்று கேட்க அப்போது லா சப்பலில் எங்களுக்கு ஒரு ஐயரைத் தெரியாது. சித்தப்பாவே ஐயரானார்.

"முப்பத்தொண்டுதான் அண்ணை, அதிலை என்ன கேள்வி? துடக்கு வீட்டுக்கு மேலை பாட்டுப் படிக்கினம். ஊரிலையெண்டால் அடுத்த தெருக் கலியாண வீட்டிலையும் லவுட்ஸ்பீக்கரைக் கழட்டிப்போடுவாங்கள். போய்ச் சொல்லுங்கோ, நிப்பாட்டச் சொல்லி."

"அது வேறை சாதி சனம். எங்கட முறை அவவுக்கு என்ன தெரியும்?" என்றார் அப்பா.

"சொன்னாத்தானே தெரியும்? துடக்கை ஒழுங்காக் காக்காட்டிச் செத்தவன்ரை ஆத்மா அலையும், சொல்லிப்போட்டன்."

சித்தப்பாவுக்கு அதில் பாதி மாமாவுக்காக, பாதி தன் நித்திரைக்காக என்பது இன்று எனக்கு விளங்குகிறது. அன்று எனக்கு விளங்கியது ஒன்றுதான். மாமாவின் ஆத்மா அலையும். அலைந்து எங்கள் ஜன்னலுக்கு வரும். துடக்கை ஒரு பிழையும் இல்லாமல் காத்து முடித்தால் அம்மா பழையபடி சோறு தின்பார்.

அப்பா கலியாணக் கோட்டைப் போட்டுக்கொண்டு என்னைக் கூட்டிக்கொண்டு மேலே போனார். மொழிபெயர்க்க நான்தான். கடதாசி அலுவல், டொக்டர், வீட்டுக்காரன், எல்லாவற்றுக்கும் நாங்கள்தானே பெரியவர்களின் வாய். உங்களுக்கும் அந்தக் களைப்புத் தெரியும்.

நான் சொன்னதை அன்ரி கதவில் சாய்ந்தபடி கேட்டார். தம்பிக்கு எத்தனை வயது என்று கேட்டார். சொன்னேன். அப்பாவின் தோளில் கையை வைத்தார். அப்பா கூச்சத்தில் நெளிந்தார்.

"முப்பத்தொரு நாளா?" என்று கேட்டு விரலை மடக்கி எண்ணினார். பிறகு உள்ளே போய் ஒரு விளம்பரத் தாளைக் கொண்டுவந்து காட்டினார். அதில் அவருடைய முகம், பெரிதாக. "பார், இருபத்தாறாம் நாள் எனக்குக் கச்சேரி. பன்னிரண்டு வருடத்துக்குப் பிறகு என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். நாள்தோறும் பாடாவிட்டால் என் குரல் துருப்பிடித்துவிடும், குட்டி. ஒரு நாளைக்கு ஒரு மணித்தியாலம், ஜன்னலைச் சாத்திக்கொண்டு பாடலாமா என்று அப்பாவிடம் கேள்."

"என்னவாம்?" என்றார் அப்பா.

அப்பாவின் முகத்தைப் பார்த்தேன். கேட்டிருந்தால் ஓம் என்றுதான் சொல்லியிருப்பார். ஒரு மணித்தியாலம் என்ன, நாலு மணித்தியாலமும் பாடுங்கோ என்றிருப்பார். அது எனக்கு நன்றாகத் தெரிந்ததுதான் பயமே. ஒரு நாளுக்கு ஒரு மணித்தியாலமென்றால், அந்த நேரத்தில் மாமா வந்துவிட்டால்?

"ஓமாம் அப்பா. பாடமாட்டாவாம்," என்றேன்.

அன்ரியிடம் திரும்பி, "அப்பா முடியாது என்கிறார்," என்றேன்.

அப்பா நெஞ்சு குளிர்ந்து இரண்டு கையையும் கூப்பி அவரைக் கும்பிட்டார். அன்ரி அந்தக் கைகளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"சரி," என்றார் பிறகு. "வாக்குத் தருகிறேன் என்று சொல்."

வேறெங்காவது போய்ப் பாடியிருக்கலாமே என்று கேட்பீர்கள். வெளியே பனி. அறை வாடகைக்கு எடுக்க அவரிடம் வசதி இல்லை. வாத்தியக்காரர் கடைசி இரண்டு நாளுக்குத்தான் வருவார்கள். இதெல்லாம் பிறகு நானே விசாரித்து அறிந்துகொண்டவை.

அந்த நாட்களின் மௌனத்தை எப்படிச் சொல்ல? காலை பத்து மணிக்கு ஒன்றும் கேட்காது. புதன்கிழமைகளில் கூரையைப் பார்த்தபடி படுத்திருப்பேன். மேலே காலடி மட்டும் போகும், வரும், நிற்கும். நான் அவர் வீட்டுக்குப் போவதை நிறுத்திவிட்டேன். படியில் அவர் சத்தம் கேட்டால் ஓடி ஒளிவேன். ஒருமுறை கழிப்பறைத் திருப்பத்தில் நேருக்கு நேர் முட்டிவிட்டோம். அவர் சிரித்து, உதட்டில் விரலை வைத்து, நாங்கள் இருவரும் சேர்ந்து ஏதோ இரகசியம் காக்கிறோம் என்பதுபோலக் காட்டினார். திட்டியிருந்தாலும் தாங்கியிருப்பேன். அன்று கோட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டு அழுதேன்.

ஆனால் அம்மா தேறிவந்தார். இரண்டாம் கிழமையிலிருந்து கொஞ்சம் சாப்பிட்டார். மூன்றாம் கிழமை, என் பின்னலை இழுத்து ஏதோ பகிடிகூட விட்டார். சித்தப்பாவுக்குச் சொல்லி முடியாத பெருமை.

"பாத்தியளே? துடக்கை ஒழுங்காக் காத்தா எல்லாம் சரிவரும்."

நானும் அப்படித்தான் நினைத்தேன். அம்மா இந்தப் பக்கம் தேற, அந்தப் பக்கம் அன்ரியின் குரல் துருப்பிடிக்கிறது. இரண்டையும் செய்தவள் நான்.

இருபத்தாறாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. அப்பா படுத்திருந்தார். அம்மா உடுப்பு மூட்டையோடு சலவைக்கடைக்குப் போனார். நான் ஜன்னலில் நின்று, அன்ரி சாம்பல் நிறக் கோட்டும் நல்ல பொய்முடியுமாக ஒரு காரில் ஏறிப் போவதைப் பார்த்தேன். சாமித் தட்டுக்கு முன்னால் போய் நின்று, துடக்கில் கும்பிடலாமா கூடாதா என்று தெரியாமல், கண்ணை மட்டும் மூடிக்கொண்டேன்.

திங்கட்கிழமை பள்ளிக்கூடம் விட்டு வரும்போது கட்டடத்தின் காவல்காரி என்னை மறித்தார். போர்த்துக்கல்காரி, நல்ல மனுசி, வாய்தான் ஓயாது. அன்ரி கொடுத்த ரிக்கற்றில் அவரும் போயிருந்தார்.

"பாவம், குட்டி. முதல் பாட்டு நன்றாகத்தான் போனது. பிறகு குரல் போய்விட்டது. தொண்டை கட்டினவள் மாதிரி முணுமுணுத்தாள். 'சத்தமாகப் பாடு!' என்று பின்னாலிருந்து கத்தினார்கள். கொஞ்சப் பேர் எழுந்தே போய்விட்டார்கள்."

ஐயோ கடவுளே. அந்தப் படிகளை எப்படி ஏறினேன் என்று தெரியாது.

முப்பத்தோராம் நாள் அம்மா படைத்தார். தட்டை என்னிடம் தந்து மேலே கொடுக்கச் சொன்னார். நான் வாசலில் வைத்து, மணியை அடித்துவிட்டு ஓடிவந்துவிட்டேன். அடுத்த நாள் காலை பத்து மணிக்கும் மேலே பாட்டு இல்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. பிறகு ஏதோ கேட்டது, காதைக் கூர்மையாக்கினால் மட்டும் பிடிபடும் மெல்லிய பாட்டு. செம்பு கிணுகிணுக்கவே இல்லை. சேலைக்குப் பின்னால் சித்தப்பா புரண்டு புரண்டு படுத்தார்.

"என்ன, மேலை சத்தத்தைக் காணேல்லை?" என்றார் ஒரு நாள். "ஒரு கண் நித்திரையில்லை எனக்கு. மனுசிக்குச் சுகமில்லையோ? ஒருக்காப் போய்ப் பார் பிள்ளை."

நான் போகவில்லை. கோடையில் அன்ரி வீட்டைக் காலிசெய்து தெற்கே எங்கோ போனார். பெட்டி இறக்கும்போது என் கன்னத்தில் முத்தமிட்டார். சொல்லிவிடுவோமா என்று வாய்வரை வந்தது. காரின் கதவைச் சாத்திவிட்டார்கள்.

பல வருடம் கழித்து, ஒரு கோயிலில் சந்தித்த ஐயர் ஒருவரிடம் பேச்சோடு பேச்சாகக் கேட்டேன். கலியாணம் முடித்த தமக்கைக்குத் தம்பியின் துடக்கு எத்தனை நாள்? "சில நாளோடை முடிஞ்சிருமே. ஆர் உங்களுக்கு முப்பத்தொண்டு சொன்னது?" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மிச்சக் கதை உலகத்துக்கே தெரியும். அந்த ஞாயிற்றுக்கிழமைக் கச்சேரியை ஒலிப்பதிவு செய்திருந்தார்கள். இசைத்தட்டு வந்தது. முதலில் ஒருவரும் வாங்கவில்லை, பிறகு ஒருவர் மற்றவருக்குச் சொல்லி, எல்லார் வீட்டிலும் அது இருந்தது. பிள்ளை பெற்ற அறைகளிலும் செத்த வீடுகளிலும் அதைப் போட்டார்கள். "சத்தமாகப் பாடு" என்று கத்தியவர்களெல்லாம் தாங்கள் அழுததாகச் சொல்லிக்கொண்டார்கள். அவருக்குக் கடைசிவரை கூட்டம் குறையவில்லை. அவர் நன்றாக வாழ்ந்தார் என்பது எனக்குப் பெரிய ஆறுதல். ஆனால் அந்தத் தாழ்ந்த குரல் எனக்குத் துருவின் சத்தமாகவே கேட்டது. இரண்டாவது பாட்டின் முதல் வரிக்கு மேலே நான் கேட்டதே இல்லை. என் மகளுக்கு அந்தத் தட்டென்றால் உயிர். அவள் போடும்போது நான் குசினிக்குள் போய்க் குழாயைத் திறந்துவிடுவேன்.

இனி, போன மாதம்.

கூசேன்வில்லில் எங்கள் சொந்தத்தில் பெரியபிள்ளையான ஒருத்திக்குச் சாமத்திய வீடு. அம்மாவைக் கூட்டிப்போக, அவர் இருக்கிற புறநகர் ஸ்தேனுக்குப் போனேன். அப்பாவும் சித்தப்பாவும் இப்போது உயிரோடு இல்லை. அம்மா அங்கே தனியாகத்தான் இருக்கிறார், எழுபது வயதிலும் கைத்தடி வேண்டாமென்று. பட்டுச் சேலையோடு காத்திருப்பார் என்று நினைத்தேன். வீட்டுச் சேலையோடு இருந்து உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தார். தொலைக்காட்சி நிறுத்திக் கிடந்தது.

"நான் வரேல்லைப் பிள்ளை. நீ போட்டு வா. எனக்குத் துடக்கு."

"ஆர் அம்மா செத்தது? எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லையே?"

"மேல்வீட்டு மனுசி."

நான் கோட்டோடு அப்படியே கதிரையில் இருந்துவிட்டேன்.

"அவ எங்கட சொந்தமே அம்மா?"

"சொந்தமில்லாமல்?" என்றார் அம்மா. கத்தி நிற்கவில்லை.

முப்பத்தைந்து வருடத்துப் பாரம் அப்போதுதான் உடைந்தது. எல்லாவற்றையும் சொன்னேன். ஒரு மணித்தியாலம் கேட்டதை, நான் மறைத்ததை, குரல் கெட்டதை. சொல்லும்போது பத்து வயதுப் பிள்ளை மாதிரித் தேம்பினேன். அம்மா கத்தியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"அது எனக்குத் தெரியும்," என்றார். "அவவுக்கும் தெரியும்."

"என்னெண்டு?"

"ஏலாதெண்டு சொல்லுற மனுசன் கையெடுத்துக் கும்பிடுவானே? கொப்பர் கும்பிட்டதைப் பாத்த உடனை, நீதான் நடுவிலை ஏதோ செய்துபோட்டாய் எண்டு அவவுக்கு விளங்கிப்போட்டுது. பேந்து எனக்குக் கையாலையும் வாயாலையும் சொல்லிச் சிரிச்சவ."

"விளங்கியும் ஏனம்மா வாக்குக் குடுத்தவ?"

"ஒரு சின்னப் பிள்ளை தாய்க்காகப் பொய் சொல்லுது. அதைப் பிடிச்சுக் குடுக்கச் சொல்லுறியே?"

பிறகு மெதுவாகச் சொன்னார். செய்தி வந்த ஐந்தாம் நாள் படித் திருப்பத்துக் கழிப்பறைக்குள் போய், துவாயைக் கடித்துக்கொண்டு நின்றிருக்கிறார். அன்ரி கதவைத் தட்டி, கையைப் பிடித்து மேலே கூட்டிப்போனார். கட்டிலில் இருத்தி, தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டார்.

"என்ரை காதுக்கை பாடினவ பிள்ளை. கீழை உன்ரை சித்தப்பா படுத்திருக்கிறார், நிப்பாட்டிறனெண்டு குடுத்த வாக்கும் கிடக்கு. அதாலை மூச்சை மட்டும் விட்டுப் பாடினவ. எனக்கு ஒரு சொல்லும் விளங்கேல்லை. உனக்குப் பள்ளிக்கூடம் இருக்கிற நாளெல்லாம், பத்து மணிக்கு, ஒரு மணித்தியாலம். அந்தக் கச்சேரித் தாளைக் காட்டி நான் கையெடுத்துச் சொன்னனான், பலமாப் பாடுங்கோ, நான் வீட்டிலை கதைக்கிறன் எண்டு. தலையை ஆட்டிப்போட்டு இன்னும் மெல்லமாப் பாடினா."

"அப்ப குரல் துருப்பிடிக்கேல்லையே?"

"ஆர் சொன்னது துருப்பிடிச்சதெண்டு? நான் கண்ணாலை பாத்தனான்."

"எங்கை பாத்தனீங்கள்?"

அம்மா சேலைத் தலைப்பால் கையைத் துடைத்தார். "அண்டைக்கு நான் சலவைக்கடைக்குப் போகேல்லை. மூட்டையைக் காவல்காரியின்ரை அறைக்கை வச்சுப்போட்டு அவவோடை கச்சேரிக்குப் போனனான். ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதையும் எண்டு அவவிட்டைச் சத்தியம் வாங்கினனான். துடக்கோடை கச்சேரிக்குப் போனவள் நான், சித்தப்பா அறிஞ்சிருந்தா உயிரோடை எரிச்சிருப்பார்."

"அம்மா!"

"முன் வரிசை. முதல் பாட்டைக் கூரை கிளம்பப் பாடினா. குரலுக்கு ஒரு குறையும் இல்லை. பேந்துதான் என்னைக் கண்டவ. அவ்வளவுதான், மைக்கை வாயோடை சேத்துப் பிடிச்சு, என்ரை காதுக்கை பாடினமாதிரியே தொடங்கிவிட்டா. சனம் பின்னாலை கத்துது. அவ அங்காலை திரும்பேல்லை, என்னையே பாத்துப் பாடுறா. நான் என்ன செய்ய? இருபத்தாறு நாள் அடக்கினது. தம்பீ, தம்பீ எண்டு குழறிப்போட்டன். நான் அழ அழ அவ இன்னும் குரலைத் தாழ்த்தித் தாழ்த்தி, எனக்கு இடம் விட்டு விட்டுப் பாடினா."

அம்மா மறுபடியும் கத்தியை எடுத்தார். சாமத்திய வீட்டுக்கு நானும் போகவில்லை. இருவருமாகக் கிழங்கை உரித்துக் கறி வைத்துச் சாப்பிட்டோம்.

பின்னேரம் வீட்டுக்கு வந்து மகளைக் கூப்பிட்டு, அந்தத் தட்டைப் போடு என்றேன். அவள் என்னை ஒருமாதிரியாகப் பார்த்துவிட்டுப் போட்டாள். முதல் பாட்டு முடிந்தது. நான் குசினிக்குப் போகவில்லை. இரண்டாவது பாட்டு மூச்சு மாதிரி மெல்லத் தொடங்கியது. கொஞ்ச நேரத்தில், பாட்டுக்கு நடுவே, ஒரு பெண் அழுகிற சத்தம் கேட்டது. அடக்கி, பிறகு அடக்க முடியாமல், ஏதோ ஒரு சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்லி.

"இந்த இடம்தான் எல்லாருக்கும் பிடிக்கும் அம்மா," என்றாள் மகள் பிரெஞ்சில். "யாரோ ஒரு ரசிகை. என்ன சொல்கிறாள் என்று இன்றுவரை ஒருவராலும் கண்டுபிடிக்க முடியவில்லையாம்."

"தம்பி எண்டு சொல்லுறா," என்றேன். "அது உன்ரை அம்மம்மா."